முதிர வைக்காத கரும்புச் சாற்று ரம்மைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

பாரிசிலிருந்து வந்த மச்சான் தந்த போத்தலைப் பார்த்ததும், உள்ளே தண்ணீரைப் போலத் தெளிந்திருந்ததால், "இதென்ன தம்பி, கசிப்பே?" என்றுதான் மாமா கேட்டார். அது கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மார்ட்டினிக் தீவின் வெள்ளை ரம். உலகின் பெரும்பாலான ரம் சீனி எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வடிக்கப்படுகிறது. இதுவோ புதிதாகப் பிழிந்த கரும்புச் சாற்றை நொதிக்கவைத்து வடிப்பது, 1996 முதல் பிரெஞ்சுச் சட்டத்தின் பிறப்பிடப் பாதுகாப்பையும் (அந்த இடத்தில், விதிப்படி செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர்) பெற்றது. மரப்பீப்பாயில் முதிர வைக்காததால் கரும்பின் பச்சை வாசனையை மறைக்க இதில் வேறெதுவும் இல்லை.

முதலில் அந்த வாசனையை மூக்குக்குப் பழக்குங்கள். சாறு பிழியும் கடையில் இஞ்சியும் தேசிக்காயும் சேர்க்காமல் ஒரு கிளாஸ் வாங்கி, குடிப்பதற்கு முன் மோந்து பாருங்கள். வெட்டிய புல்லைப் போன்ற அந்த மணத்தைத்தான் பிறகு தேடப்போகிறீர்கள்.

அடுத்து, வாய் ஒடுங்கிய சிறிய வைன் கிளாஸில் 20 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். ஒரே மடக்கில் விழுங்கும் குட்டிக் கிளாஸ் இதற்கு உதவவே உதவாது. பிளாஸ்டிக் கோப்பையை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில். வைனைச் சுழற்றுவதுபோலச் சுழற்றி மூக்கை உள்ளே நுழைத்தேன்; மூக்கு எரிந்து கண்ணில் நீர் வந்ததே தவிர, வாசனை எதுவும் தெரியவில்லை. போத்தலைக் குறை சொல்லி, பாதியைக் கோலாவில் கலந்து தீர்த்த பிறகுதான் முகப்புச்சீட்டில் மதுசாரம் 50 சதவீதம் என்றிருந்ததைக் கவனித்தேன். ஆகவே சுழற்றாமல் பத்து நிமிடம் வையுங்கள். பின்னர் வாயைச் சற்றே திறந்தபடி, கிளாஸை நாடியருகே பிடித்து மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். மூக்கு கிளாஸின் விளிம்பைத் தாண்டவே கூடாது.

ஒரு துளியளவு நாக்கில் வைத்து, வாய் முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது மிடறுக்குப் பின் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மோந்து பாருங்கள். 50 சதவீத ரம் 20 மில்லிலீற்றருக்கு 5 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்தால் வீரியம் ஏறத்தாழ 40 சதவீதமாகும். எனக்குப் புல் வாசனைக்குப் பின்னாலிருந்த தேசிக்காய்த் தோலும் மிளகும் தெளிவாகத் தெரிந்தது அந்த அளவில்தான். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் நம்மூர்ச் சுண்ணாம்பு இதன் சுவையைத் தட்டையாக்கிவிடுகிறது. போத்தல் தண்ணீரே நல்லது. ஐஸ் வாசனையை அடக்கிவிடும் என்பதால் அதுவும் வேண்டாம்.

சுவைத்து முடித்த பிறகு, மார்ட்டினிக்கில் செய்வதுபோலத் தோலோடு சீவிய ஒரு துண்டுத் தேசிக்காயையும் சிறிது கரும்புப் பாகையும் சேர்த்துக் குடிக்கலாம். பாகுக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கரைத்துப் பார்த்தேன். பனை வாசனை கரும்பை முழுவதுமாக மூடிவிட்டது.

பின்சேர்க்கை: தம் போத்தலில் உப்பில் ஊறிய ஒலிவ் காயின் வாசனை வருவதாகவும், அது பழுதாகிவிட்டதா என்றும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை, நொதித்தலின்போது உண்டாகும் அந்த வாசனை இவ்வகை ரம்களில் வழக்கமானதுதான். முத்திரை உடையாத போத்தலாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. யாரோ வீட்டில் வடித்துத் தந்த தெளிந்த திரவத்தை இந்த முறையில் சோதித்துப் பார்க்காதீர்கள்.