‘நைட் ஆஃப் தி டீமன்’ பற்றி எழுதும் முன் படத்தின் நீளத்தைப் பாருங்கள்

1957இல் பிரிட்டனில் எடுத்த இந்தக் கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்துக்கு மூலம், எம். ஆர். ஜேம்ஸ் 1911இல் வெளியிட்ட ‘காஸ்டிங் தி ரூன்ஸ்’ கதை. இயக்கம் ஜாக் டூர்னர். பூதத்தைத் திரையில் காட்டியிருக்க வேண்டுமா, கூடாதா என்று ரசிகர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆளுக்கொரு வடிவத்தைப் பார்த்துவிட்டு வாதாடுவதாலேயே பாதிச் சண்டை வருகிறது.

பிரிட்டிஷ் வடிவம் சுமார் 96 நிமிடம். அமெரிக்காவில் 1958இல் ‘கர்ஸ் ஆஃப் தி டீமன்’ என்ற பெயரில் வந்தது சுமார் 82 நிமிடம். ஐரோப்பாவின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் வந்த டிவிடியில் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டிய படம் 25 ஃப்ரேமாக ஓடும். அதனால் 96 நிமிடம் 92 ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டு ‘வெட்டிவிட்டார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு காட்சியைத் தேடுங்கள்: பேய் பிசாசை நம்பாத கதைநாயகன் ஹோல்டன், ஹோபார்ட் குடும்பத்தின் பண்ணை வீட்டுக்குப் போகிறாரா? அந்தக் காட்சி இல்லையென்றால் உங்களிடம் இருப்பது குட்டை வடிவம். கதைநாயகனைக் கண்டு அந்தக் குடும்பமே மிரளும் இடம் அது. அதை இழந்தால் ஊரில் பரவியிருக்கும் பயம் தெரியாமல் போகும், படம் பூதத்தை மட்டுமே நம்பி நிற்பதுபோல் தோன்றும். பூதம் இரண்டு வடிவங்களிலும் உண்டு. ‘அமெரிக்கக்காரர்கள்தான் அதைச் சேர்த்தார்கள்’ என்பது தவறு.

முதல் தடவை முழுதாகப் பாருங்கள். இரண்டாவது தடவை, பூதம் தோன்றி பேராசிரியர் ஹாரிங்டன் சாகும் தொடக்கத்தைத் தள்ளிவிட்டு, ஹோல்டன் விமானத்தில் வரும் காட்சியிலிருந்து ஓட்டுங்கள். அப்போது ஹாரிங்டனின் சாவு மின்கம்பத்தில் கார் மோதிய விபத்து என்ற செய்தியாகத்தான் நமக்கு வரும், ஹோல்டனின் அவநம்பிக்கையும் நியாயமாகப் படும். தொடக்கத்தோடு பார்த்தால் அவர் பிடிவாதக்காரர். ஹோல்டனாக வரும் டானா ஆண்ட்ரூஸின் நடிப்பு மரக்கட்டை என்று வரும் புகார்களில் பலவும் உண்மையில் இந்த ஏற்பாட்டின் மேல் வர வேண்டியவை. என் கணக்கில் தொடக்கம் முழு நஷ்டம் அல்ல: ‘பூதம் உண்டா?’ என்ற கேள்வி போய், ‘இந்த மனுஷன் நேரத்துக்குள் நம்புவாரா?’ என்ற பதைப்பு வருகிறது.

‘பூதம் கேலிக்கூத்து’ என்று ஒரே வரியில் முடிக்காமல் ஷாட்டைப் பிரியுங்கள். தொலைவில் மரங்களுக்கு மேல் புகையோடு உருவம் திரளும் லாங் ஷாட் வேறு. முகத்தைத் திரை நிறையக் காட்டும் க்ளோசப் வேறு. பலருக்குப் பிடிக்காதது க்ளோசப்தான், லாங் ஷாட்டை அவர்களே மெச்சுவார்கள். எது உறுத்தியது என்று சொன்னால்தான் கருத்துக்கு எடை. தயாரிப்பாளர் ஹால் செஸ்டர் மேல் டூர்னருக்கும் திரைக்கதை எழுதிய சார்ல்ஸ் பென்னட்டுக்கும் மனக்குறை இருந்தது உண்மை. ஆனால் அதை மட்டும் எழுதினால் விமர்சனம் ஆகாது, வம்பு ஆகும்.

பூதம் தெரியாத காட்சிகளுக்குத்தான் அதிக வரி ஒதுக்க வேண்டும். இரவில், சாபம் வைக்கும் மந்திரவாதி கார்ஸ்வெல்லின் வீட்டுக்குள் ஹோல்டன் திருட்டுத்தனமாக நுழைகிறார். மாடிப்படியின் கைப்பிடியில், நமக்கு மிக அருகில், ஒரு கை வந்து பதிகிறது. யாருடைய கை என்று படம் சொல்வதே இல்லை. பிறகு காட்டு வழியில் ஆளே இல்லாமல் மண்ணில் காலடிகள் பதிகின்றன, புகை கிளம்புகிறது. ‘கேட் பீப்பிள்’ (1942) எடுத்த டூர்னரின் கை இங்கே தெரியும். கார்ஸ்வெல்லாக நடித்த நியால் மக்கினிஸை மறக்காதீர்கள்: கோமாளி வேஷத்தில் குழந்தைகளுக்கு வித்தை காட்டிக்கொண்டே புயலை வரவழைக்கும் கார்ஸ்வெல், எந்த பொம்மையையும்விட அச்சுறுத்துகிறார்.

மூலக்கதையைப் படத்துக்குப் பிறகு படியுங்கள். ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஒப்பிடும்போது பெயர்க் குழப்பம் வரும். கதையில் ஹோல்டனும் படத்தின் நாயகி ஜோனாவும் கிடையாது. சாபத்துக்கு ஆளாகிறவர் எட்வர்ட் டன்னிங், உதவுகிறவர் இறந்துபோன ஹாரிங்டனின் சகோதரர் ஹென்றி. ஜேம்ஸ் எதையும் முழுதாகக் காட்டுவதில்லை. டன்னிங் இருட்டில் தலையணைக்குக் கீழே கைவிடுகிறார். பல்லும் சுற்றிலும் மயிருமாக, மனிதனுடையதல்லாத ஒரு வாய் கையில் படுகிறது. படத்தில் இதற்கு ஈடான காட்சி இல்லை. ‘காட்டாதே’ என்ற கட்சிக்காரர்கள் எடுத்துக்காட்ட வேண்டியது இந்தப் பத்தியைத்தான்.

முடிவும் வேறு. கதையில் கார்ஸ்வெல் பிரான்ஸின் அப்வில் நகரில், தேவாலயச் சாரத்திலிருந்து விழும் கல்லால் சாகிறார், தற்செயல் என்றே சொல்லிவிடலாம். படத்தில் ரயில் பாதையில், பூதத்தின் கையில்.

ஸ்பாய்லர் எச்சரிக்கை எதற்குப் போடுவது? பூதத்தின் முகத்துக்கு வேண்டாம், அந்தக் காலப் போஸ்டரிலேயே அது இருக்கிறது. சாபத்தைச் சுமக்கும் சீட்டு, ரூன் என்ற பழங்கால வட ஐரோப்பிய எழுத்தில் எழுதியது, ரயில் பெட்டியில் எப்படிக் கைமாறுகிறது என்பதை மட்டும் மறையுங்கள்.