வியாபார முடிவுகளில் நடத்தை அறிவியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரின் சிறு தொழிற்கூடங்களிலும் பர்கூரின் ஜவுளிக் கடைகளிலும் ‘இழப்பச்சம்’, ‘மனச்சாய்வு’ (முடிவை ஒரு பக்கம் இழுக்கும் மனப்போக்கு) போன்ற, மனிதர் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார் என்று ஆராயும் நடத்தை அறிவியலின் சொற்கள் இன்று சாதாரணமாகக் காதில் விழுகின்றன. ஆதாயம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி மனிதருக்குப் பெரிதாகத் தெரிகிறது என்ற இழப்பச்சத்தை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தனர். கானமனுக்கு 2002இலும், இத்துறையை வளர்த்த ரிச்சர்ட் தேலருக்கு 2017இலும் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. மதித்துப் படிக்க வேண்டிய அறிவியல் இது. ஆனால் அதைக் கடைக்கும் ஆலைக்கும் கொண்டுவரும்போது, எதிரில் இருப்பவரின் மனத்தில் குறை தேடுகிறோமே தவிர, நம் கணக்குப் புத்தகத்தையும் நம் முடிவுகளையும் அதே கண்ணால் பார்ப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறுவடைக் காலத்தில் நேரடியாகத் தங்களிடம் பெங்களூரா மாங்காய் கொடுத்தால் கூடுதல் விலை தருவதாக ஆலை சொல்லியும், விவசாயி பூ எடுக்கும் காலத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இன்றைய சிறு பணத்திற்காக நாளைய பெரும் பணத்தை இழக்கிறார், இது நிகழ்காலச் சாய்வு’ என்று ஆலை மேலாளர் முடிவுகட்டினால், அவர் நோயைத் தவறாகக் கணித்துவிட்டார். குத்தகைக்காரர் முன்பணம் தருகிறார். ஆலங்கட்டி மழை, சூறைக்காற்று, பூச்சித் தாக்குதல் ஆகியவற்றின் சுமையைத் தாமே ஏற்கிறார். பறிக்க ஆள் பிடிப்பதும் வண்டி பிடிப்பதும் அவர் பொறுப்பு. ஆலையோ சரக்கு இறங்கிச் சில வாரம் கழித்துப் பணம் தருகிறது. இவற்றுக்கெல்லாம் விலை வைத்துக் கூட்டிப் பார்த்தால் விவசாயியின் முடிவில் பிழை இல்லாமலும் போகலாம். அப்படிப்பட்ட நிலையில் கவர்ச்சியான துண்டறிக்கையும் கைப்பேசி நினைவூட்டலும் பயன்படா. பணம் கொடுக்கும் நாளை முன்னுக்குக் கொண்டுவருவதுதான் பயன்படும்.

நம் அருகிலுள்ள மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர், விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்டது அது. அறுவடைப் பணம் வருவதற்கு முன், கை இறுக்கமாக இருந்தபோது சிந்தனைத் தேர்வுகளில் குறைவாகச் செய்த அதே மனிதர்கள், பணம் வந்தபின் மேம்பட்டுச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, நெருக்கடி மாறியது. ஒருவரின் முடிவைக் ‘குணக்கோளாறு’ என்று பெயரிடும் முன் அவர் எந்த மாதத்தில், எவ்வளவு கடனோடு அந்த முடிவை எடுத்தார் என்று கேட்பது, அவருக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச நியாயம்.

பாலக்கோட்டுத் தக்காளியிலும் இதே குழப்பம் நேர்கிறது. விலை சரிந்த வாரத்தில் பழத்தைப் பறிக்காமல் வயலிலேயே விட்டுவிடும் விவசாயியைப் பார்த்து, ‘இவ்வளவு செலவழித்து வளர்த்ததை வீணாக்குகிறாரே’ என்று பலரும் வருந்துகிறார்கள். உண்மையில் நாற்றுக்கும் உரத்திற்கும் மருந்துக்கும் போனது மூழ்கிய செலவு, அதாவது என்ன செய்தாலும் திரும்பி வராத பணம். அன்றைய முடிவில் அதற்கு இடமில்லை. பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் மூன்றும் சேர்ந்து கிடைக்கும் விலையைத் தாண்டினால், பறிக்காமல் விடுவதே சரியான கணக்கு. பிழை வேறோர் இடத்தில் நேர்கிறது. நட்டபின் முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்திற்கு மேல் ஆகும் பயிரை, நடும் வாரத்து விலையை மட்டும் பார்த்துப் பலரும் ஒரே நேரத்தில் நடுகிறார்கள். அண்மையில் கண்டது மனத்தை ஆக்கிரமிப்பதால் வரும் பிழை இது. நாற்றுப் பண்ணைக்காரரும் உரக்கடைக்காரரும் தத்தம் கொள்முதலில் இதையே திரும்பச் செய்கிறார்கள்.

வியாபாரி தம்மிடமே பார்க்க வேண்டிய சாய்வுக்குப் புளி நல்ல உதாரணம். தருமபுரிப் பக்கம் சீசனில் புளி வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, விலை ஏறும்போது விற்பது பழைய தொழில்முறை, அதில் தவறில்லை. ஆனால் விலை எதிர்பார்த்தபடி ஏறாமல் இறங்கும்போது, ‘வாங்கிய விலைக்குக் கீழே விற்க மாட்டேன்’ என்ற பிடிவாதம் வந்துவிடுகிறது. கானமனும் ட்வெர்ஸ்கியும் சொன்ன ஒப்பீட்டுப் புள்ளி இதுதான்: வாங்கிய விலை என்ற கோட்டுக்கு மேலே இருப்பது இலாபமாகவும் கீழே இருப்பது தோல்வியாகவும் தெரிய, தோல்வியை ஒப்புக்கொள்வதைத் தள்ளிப்போட மனிதர் மேலும் பெரிய ஆபத்தை ஏற்கிறார். சந்தைக்கு நம் கொள்முதல் விலை தெரியாது. கிடங்கு வாடகையும் வட்டியும் மாதந்தோறும் ஓடிக்கொண்டிருக்க, அடுத்த சீசன் வரத்தும் நெருங்கிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கையில் சரக்கு இல்லாமல் பணம் மட்டும் இருந்தால், இன்றைய விலைக்கு இதே புளியை வாங்கி, இனி வரும் வாடகையையும் வட்டியையும் கொடுத்து வைத்திருப்பேனா? இல்லை என்று பதில் வந்தால், இன்று விற்பதே சரி. இந்தக் கேள்வியைச் சரக்கு வாங்கியவரே கேட்டுக்கொள்வதைவிட, வாங்கிய விலை தெரியாத கூட்டாளியோ குடும்பத்தில் இன்னொருவரோ கேட்பது நல்லது.

அடுத்த தவறு, எங்கோ நடந்த சோதனையின் முடிவை அப்படியே இங்கே பொருத்துவது. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியாவின் ஓர் அங்காடியில் 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்றவர்களில் 3 சதவீதத்தினரும், 6 வகை வைத்த மேசையில் நின்றவர்களில் 30 சதவீதத்தினரும் வாங்கினார்கள். ‘வகையைக் குறைத்தால் விற்பனை கூடும்’ என்ற அறிவுரை உலகெங்கும் பரவியது இதிலிருந்துதான். ஆனால் இத்தகைய பல சோதனைகளை 2010இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூச்சியமாகவே இருந்தது. சில சூழலில் வகை கூடுவது உதவியது, சில சூழலில் தடுத்தது. பர்கூருக்குக் கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு வருபவர்கள், நிறைய விரித்துப் பார்க்கத்தான் வருகிறார்கள். அவர்களிடம் ஆறு சேலையை மட்டும் காட்டும் கடைக்காரர், அடுத்த கடைக்கே வாடிக்கையாளரை அனுப்பி வைக்கிறார் என்பது என் கணிப்பு. படிவத்தின் தொடக்கத்தில் கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்ற புகழ்பெற்ற 2012ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை, அதன் தரவில் புனைவு இருந்தது வெளிப்பட்டபின் 2021இல் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அபராதம் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைக் காப்பகங்கள் சிலவற்றில், பிள்ளையை அழைக்கத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதுவரை மனச்சங்கடமாக இருந்தது காசு கொடுத்து வாங்கும் சேவையாகிவிட்டது என்று 2000இல் இதை வெளியிட்ட நீஸியும் ருஸ்டிச்சினியும் விளக்கினர். பத்து நிமிடத் தாமதத்திற்கு அரை நாள் கூலி பிடிக்கும் ஓசூர்ப் பட்டறையில், பேருந்தைத் தவறவிட்ட தொழிலாளி அரை நாளும் வராமலே இருந்துவிடுவதில் வியப்பில்லை. பேருந்து நேரத்தோடு ஷிப்ட் நேரம் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்காமல் நம்புவதைப் போலவே, அரைகுறையாகச் சோதிப்பதும் ஏமாற்றும். விற்பனை மிகவும் படுத்த மாதத்தில்தான் நாம் புதிய முறையைக் கொண்டுவருகிறோம். படுத்த மாதத்திற்கு அடுத்த மாதம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் எழும். ஓசூரின் சம்பள வாரத்தையும், ஒகேனக்கல் கூட்டம் தருமபுரி வழியே போகும் ஆடிப்பெருக்கையும் சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டால் எந்த முறையும் வென்றதாகவோ தோற்றதாகவோ தெரியும். எதை எண்ணப் போகிறோம், எத்தனை வாரம் எண்ணப் போகிறோம் என்பதை முன்பே எழுதிவைத்து, பழைய முறையையும் புதிய முறையையும் நாள்மாற்றி நாள் நடத்துவதே சிறு கடைக்கு ஏற்றது. எதிர்பார்ப்பும் அடக்கமாக இருக்க வேண்டும். டெல்லாவிக்னாவும் லினோஸும் 2022இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஆய்விதழ்களில் வந்த தூண்டல் முயற்சிகள் (கட்டாயமோ பரிசோ இல்லாமல் ஒருவரை மெல்ல ஒரு முடிவின் பக்கம் திருப்பும் சிறு மாற்றங்கள்) சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி மாற்றம் காட்டின. அமெரிக்காவின் இரு பெரிய தூண்டல் அமைப்புகள் நடத்திய 126 சோதனைகளில் அது 1.4 மட்டுமே. சிறிய மாற்றமும் மலிவாகக் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கிக் கிளை திறக்க முடியாது.

‘இன்னும் இரண்டே பீஸ்தான்’ என்று பொய் அவசரம் காட்டுவது நடத்தை அறிவியல் ஆகாது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது உட்பட இத்தகைய 13 உத்திகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்டுத் தடுத்துள்ளன. இணையத்தில் விற்கத் தொடங்கியுள்ள நம் ஊர்க் கடைகள் அவற்றைப் படித்துவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் விடுபடுவது, முடிவெடுக்கும் நாளிலேயே அதன் காரணத்தை எழுதிவைப்பது. விலை ஏறிவிட்டால் மோசமான முடிவும் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. மழை கெடுத்துவிட்டால் நல்ல முடிவும் முட்டாள்தனமாகத் தெரிகிறது. உளவியலாளர் கேரி க்ளைன் சொன்ன முறை இங்கே கைகொடுக்கும்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ‘ஓராண்டு கழிந்தது, இந்த முயற்சி தோற்றுவிட்டது’ என்று வைத்துக்கொண்டு, அது ஏன் தோற்றது என்று கணக்கரும் மேஸ்திரியும் ஓட்டுநரும் தனித்தனியே எழுதித் தர வேண்டும். முதலாளி முன் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் விஷயங்கள் அந்தத் தாளில் வந்துவிடும். மாங்கூழ் ஆலைக்காரர் இதைப் பூ எடுக்கும் தை மாதத்தில் செய்து, சீசன் முடிந்த ஆவணியில் அதே தாளை எடுத்துப் பார்த்தால், எது வானிலையால் நேர்ந்தது, எது தம் கணிப்பால் நேர்ந்தது என்பதை அடுத்த ஆண்டு ஒப்பந்தத்திற்கு முன் பிரித்துப் பார்க்க முடியும்.