பின் டயர் எழும்பிய அன்று

சர்ஜாபூர் பக்கம் ஒரு சைட்டில், முன்னால் லோடர், அதாவது அள்ளித் தூக்கும் பக்கெட், மாட்டிய டிராக்டரில் எம்-சாண்ட் அள்ளிப் போடுவது என் வேலை. பெங்களூரு மழைதான் தெரியுமே, சாயங்காலம் வந்து கொட்டிவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலை அதே மணல், அதே பக்கெட். ஆனால் ஒரு கனமீட்டர் காய்ந்த மணல் சுமார் 1,600 கிலோ என்றால், நனைந்தது 2,000 பக்கம் வரும். எனக்கு உறைக்கவில்லை. பக்கெட்டை உயரத் தூக்கியபடியே சரிவில் இறங்கினேன். சீட் முன்னால் சாய்ந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கவில்லை! பின் டயர் தரையில் இல்லை. நம்ம வண்டிக்கு பிரேக்கே பின் சக்கரத்தில்தான். லிவரைத் தள்ளி பக்கெட்டை இறக்கியதும் டயர் தொப்பென்று உட்கார்ந்தது.

மேஸ்திரி ஓடி வந்தார். "பின்னால வெயிட் எங்கேடா தம்பி?"

அதுதான் கோளாறு. கான்கிரீட் வார்த்த இரும்புப் பெட்டி ஒன்றைப் பின் லிங்கேஜில், அதாவது கலப்பை மாட்டும் இடத்தில், மாட்டினோம். ஈர மணல் என்றால் இப்போது அரை பக்கெட்தான். கூடுதல் நடை, முதலாளி முணுமுணுப்பார், இருக்கட்டும். பாரத்தோடு போகும்போது பக்கெட் முழங்காலுக்குக் கீழே, சரிவில் ரிவர்ஸில் இறக்கம். குவியலில் நேராக, முதல் கியரில் நுழைவேன். அடியைக் குடைந்தால் மேல் மணல் சரியும். டீக்கு இறங்கினால்கூட பக்கெட் தரையில், ஹேண்ட்பிரேக் மேலே, சாவி என் பையில்.