பங்கு வாங்கும் முன் 5 வருடக் கேஷ் ஃப்ளோவைக் கூட்டிப் பாருங்கள்

கம்பெனியின் ஆண்டறிக்கையில் உள்ள கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டை (பணம் வந்து போன கணக்கு) எடுத்து, கடைசி 5 வருடம் தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த பணத்தைக் கூட்டுங்கள். இயந்திரம், கட்டடத்துக்குச் செலவிட்டதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ. அதை அதே 5 வருட நிகர லாபத்தோடு வைத்துப் பாருங்கள். பாதிகூட இல்லையென்றால் ஏன் என்று தேடியே ஆக வேண்டும்.

கடனுக்கு விற்ற சரக்கும் லாபத்தில் ஏறிவிடும். கேஷ் ஃப்ளோவிலோ பணம் கைக்கு வந்தால்தான் ஏறும். ஒரே வருடம் என்றால், மார்ச் கடைசியில் சப்ளையருக்குத் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டே கணக்கை அழகாக்கலாம். 5 வருடக் கூட்டலில் அது அவ்வளவாக எடுபடாது. நம் ஊர்க் கணக்கு முறையில் கட்டிய வட்டி, நிதி நடவடிக்கைகள் பகுதியில் போய் உட்கார்ந்திருக்கும். கடன் அதிகமுள்ள கம்பெனியென்றால் அதையும் கழித்துவிடுங்கள்.

வங்கி, என்.பி.எஃப்.சி. (வங்கியல்லாத நிதி நிறுவனம்), இன்சூரன்ஸ் பங்குகளுக்கு இது உதவாது. அங்கே பணம்தான் சரக்கு. புது ஆலை கட்டும் கம்பெனிக்குச் சில வருடம் மைனஸில் இருப்பது இயல்பு. வங்கி இருப்பையே பொய்யாகக் காட்டினால் இந்தக் கணக்கும் ஏமாறும்: 2009 ஜனவரியில் அம்பலமான சத்யம் ஐ.டி. கம்பெனி மோசடியில் இல்லாத ரொக்கம் மட்டும் 5,040 கோடி ரூபாய்.