சுவிசேஷம் சொல்லும்போது எதிர்ப்பு வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், முன்னே போனவர்கள் விழுந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப விழுகிறார்கள். குரலை உயர்த்தாதே, அடுத்தவர் தெய்வத்தைப் பழிக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம். நல்ல மனதோடு போகிறவர்களே தெரியாமல் செய்கிற தவறுகள் இவை.

கேட்டு முடிக்குமுன் பதில் சொல்வது

"கடவுள் இருந்தால் என் பிள்ளைக்கு ஏன் இப்படி?" என்று ஒருவர் சீறினால், அவர் விளக்கம் கேட்கவில்லை. அந்த நேரத்தில் வசனத்தை எடுத்து நீட்டினால் கோபம்தான் ஏறும். "பிள்ளைக்கு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். பிறகு அவர் பேசட்டும். அன்று சுவிசேஷம் சொல்ல இடமே கிடைக்காமல் போகலாம், போகட்டும்.

எல்லா எதிர்ப்பையும் உபத்திரவம் என்று எண்ணுவது

அதிகச் சேதம் செய்வது இதுதான். பார்க்கும்போதெல்லாம் மனம் பொறுக்காததும் இதுதான். ஒரு வீட்டில் கதவை அறைந்து சாத்துகிறார்கள். போனவர் சபையில் எழுந்து, "கர்த்தருக்காக நிந்தை சுமந்தேன்" என்று சாட்சி சொல்கிறார். எல்லாரும் அல்லேலூயா என்கிறார்கள். ஏன் சாத்தினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. உள்ளே நோயாளி அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். "இப்போது வேண்டாம்" என்று வீட்டார் இரண்டு முறை சொல்லியிருப்பார்கள். "நீங்கள் விசுவாசித்திருந்தால் இந்த நோயே வந்திருக்காது" என்று போனவர் சொல்லியிருப்பார்.

இயேசுவின் சீஷரான பேதுரு தம் முதலாம் நிருபத்தில் (கடிதத்தில்) இரண்டையும் பிரித்தே எழுதுகிறார். கிறிஸ்தவனாயிருப்பதால் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டியதில்லை (4:16). அதற்கு முந்தின வசனத்திலோ, கொலைபாதகன், திருடன் வரிசையில் அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனையும் நிறுத்தி, அப்படிப் பாடுபடக் கூடாது என்கிறார். பலர் 16-ஐ மனப்பாடமாகச் சொல்வார்கள்; 15-ஐத் தாண்டிவிடுவார்கள்.

தவறுக்குப் பாடு என்று பெயர் வைத்துவிட்டால் அதைத் திருத்திக்கொள்ளவே தோன்றாது. வசவு கூடக் கூட, சரியாகத்தான் செய்கிறோம் என்ற எண்ணமும் கூடும். பின்னால் அதே தெருவுக்குப் பொறுமையோடு போகிறவருக்கும் கதவு திறக்காது.

ஆகவே திரும்பி வந்ததும், கூடப் போனவரோடு உட்கார்ந்து நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பேசலாமா என்று கேட்டோமா? "போதும்" என்று அவர் சொன்ன பிறகும் பேசினோமா? எந்தச் சொல்லில் அவர் முகம் மாறியது? இயேசுவின் பெயரைக் கேட்டா, அவர் குடும்பத்தைப் பற்றி நாம் சொன்னதைக் கேட்டா? பேசினவர் இதைக் கவனித்திருக்க மாட்டார். பக்கத்தில் நின்றவர் பார்த்திருப்பார். இருவர் இருவராகப் போவதில் (லூக்கா 10:1) இந்த நன்மையும் உண்டு.

தவறு நம்முடையது என்றால் மறுபடி போய் மன்னிப்புக் கேளுங்கள். கையில் சுவிசேஷக் கைப்பிரதி வேண்டாம். "ஆனால்" என்று தொடங்கும் அடுத்த வாக்கியமும் வேண்டாம். யூதர்களின் ஆலோசனைச் சங்கத்தில் விசாரணைக்கு நின்ற அப்போஸ்தலனாகிய பவுலை அநியாயமாக வாயில் அடிக்கச் சொன்னார்கள். அவர் "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று திருப்பிச் சொன்னார். எதிரே இருப்பவர் பிரதான ஆசாரியர் என்று தெரிந்ததும், ஜனத்தின் அதிபதியைத் தீது சொல்லக்கூடாது என்ற நியாயப்பிரமாண வார்த்தையை அந்தச் சங்கத்தின் நடுவிலேயே தமக்கு எதிராக எடுத்துச் சொன்னார் (அப்போஸ்தலர் 23). அநியாயம் இழைக்கப்பட்டவரே அப்படி இறங்கி வந்தார் என்றால், தூங்குகிற நோயாளியை எழுப்பிவிட்டவர் எவ்வளவு இறங்கி வரவேண்டும்!

கூட்டம் சேர்ந்த பின்னும் தொடர்வது

நான்கு பேர் பார்க்கும்போது யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அடிக்க வரும்போதும் நிற்பது

போய்விடுங்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவேதான் (மத்தேயு 10:23). எபேசுவில் கலகம் மூண்டபோது பவுல் கூட்டத்துக்குள் போகப் பார்த்தார், சீஷர்கள் விடவில்லை. கூடப் போகிறவர் "போகலாம்" என்றால் மறுபேச்சு இல்லாமல் கிளம்புவது என்று புறப்படுமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ எடுப்பது

கூடவே கூடாது.

எதிர்த்தவர் பெயரை ஜெபக்குழுவில் போடுவது

வாட்ஸ்அப்பில் போட்டது எங்கெல்லாமோ சுற்றி ஒருநாள் அவர் கைக்கே வந்து சேரும். "ஒரு சகோதரருக்காக" என்று மட்டும் எழுதுங்கள். தெருவும் வேண்டாம், வேலையும் வேண்டாம்.