ஜாங்கோவில் சொந்த ஃபில்டர் மக்கர் செய்தால்

ஜாங்கோ, பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃப்ரேம்வொர்க். பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சுதான் டெம்ப்ளேட். அதில் ஒரு வேல்யூவை மாற்றிக் காட்ட நாம் எழுதும் பைத்தான் ஃபங்ஷன்தான் ஃபில்டர். டீமில் புதிதாகச் சேர்பவர்கள் அடிக்கடி வந்து சொல்வது: “ஃபங்ஷன் சரியாத்தான் இருக்கு, டெம்ப்ளேட்டுல மட்டும் ஓட மாட்டேங்குது.” எரர் என்ன சொல்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். ஜாங்கோவுக்கு ஃபில்டரே கிடைக்கவில்லையா, கிடைத்தும் விடை தப்பா? இது தெரியாமல் கோடில் கை வைக்காதீர்கள்.

“நாட் எ ரெஜிஸ்டர்ட் டேக் லைப்ரரி” என்று வந்தால் ஃபங்ஷன் பக்கமே போக வேண்டாம். ஆப்புக்குள் ‘டெம்ப்ளேட்டேக்ஸ்’ ஃபோல்டர் இருக்கிறதா, கடைசி ‘எஸ்’ விட்டுப்போயிருக்கிறதா, உள்ளே இனிட் ஃபைல் (__init__.py) இருக்கிறதா, ஆப் செட்டிங்ஸிலுள்ள ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரை டெம்ப்ளேட்டுக்குள் கொண்டுவரும் லோட் டேகில் வர வேண்டியது, ஃபில்டர் இருக்கும் பைத்தான் ஃபைலின் பெயர், ஆப்பின் பெயர் அல்ல. ஜாங்கோ தனக்குத் தெரிந்த லைப்ரரிகளை அந்த எரரிலேயே வரிசையாகக் கொடுக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பது என் ஆதங்கம். எல்லாம் சரியென்றால் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள்.

“இன்வாலிட் ஃபில்டர்” வேறு கதை. பல பக்கங்களுக்கும் பொதுவான பேஸ் டெம்ப்ளேட்டில் போட்ட லோட், அதை எக்ஸ்டெண்ட் செய்யும் டெம்ப்ளேட்டுக்கு வராது. ஒவ்வொன்றிலும் எக்ஸ்டெண்ட்ஸுக்குக் கீழே தனியாகப் போட வேண்டும். இன்க்ளூட் செய்யும் துண்டுக்கும் அப்படித்தான். லோட் போட்டும் வந்தால், ஜாங்கோ ஷெல்லைத் (manage.py shell) திறந்து ஃபில்டர் இருக்கும் ஃபைலை இம்போர்ட் செய்து, அதிலுள்ள ‘ரெஜிஸ்டர்’ என்ற வேரியபிளுக்குள் இருக்கும் ‘ஃபில்டர்ஸ்’ டிக்ஷனரியைப் பிரிண்ட் செய்யுங்கள். உங்கள் ஃபில்டரின் பெயர் அதில் இல்லையென்றால் ஃபங்ஷனுக்கு மேலே போடும் ‘@register.filter’ டெக்கரேட்டரை மறந்திருக்கிறீர்கள்.

“2 ஆர்கியுமெண்ட் வேண்டும், 1தான் வந்தது” என்று ஜாங்கோ புலம்பினால், டெம்ப்ளேட்டில் ஃபில்டர் பெயருக்கும் ஆர்கியுமெண்ட்டுக்கும் நடுவே வரும் கோலனைப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் இருக்கும். எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் வேல்யூ. நிமிடங்களை வாங்கி, 135 என்றால் “2 மணி 15 நிமிடம்” என்று தரும் ஃபில்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷெல்லில் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட்டால் அழகாக வருகிறது, பக்கத்தில் டைப்எரர். டெம்ப்ளேட்டில் வேரியபிள் பெயரை ஓர் எழுத்து தப்பாக அடித்திருப்பார்கள். அப்படி ஒரு வேரியபிளே இல்லை என்று ஜாங்கோ சொல்லாது. வெற்று ஸ்ட்ரிங்கை ஃபில்டருக்குள் தள்ளிவிடும். வெற்று ஸ்ட்ரிங்கை 60ஆல் வகுக்கப் போனால் பைத்தான் கத்தத்தானே செய்யும்? உடனே ட்ரை-எக்செப்ட் போட்டு வாயை அடைக்காதீர்கள், பிழை அப்படியே ஒளிந்துகொள்ளும். ஃபில்டரின் முதல் வரியில் வந்த வேல்யூவை ‘ரெப்ர்’ (ஸ்ட்ரிங்கை மேற்கோள் குறியோடு காட்டும் பைத்தான் ஃபங்ஷன்) வைத்துப் பிரிண்ட் செய்து பாருங்கள். வெறும் பிரிண்டில் வெற்று ஸ்ட்ரிங் கண்ணுக்கே தெரியாது.

கடைசியாக, போல்டு எழுத்துக்குப் பதில் எச்டிஎம்எல் டேகே பக்கத்தில் தெரிந்தால் அது டேகுகளை வெறும் எழுத்தாக மாற்றிவிடும் ‘ஆட்டோஎஸ்கேப்’ என்ற ஜாங்கோவின் பாதுகாப்பு செய்த வேலை. அவசரத்தில், எஸ்கேப் வேண்டாம் என்று சொல்லிவிடும் ‘மார்க் சேஃப்’ போடாதீர்கள். பயனர் எழுதிய ஸ்கிரிப்ட்டும் அதோடு சேர்ந்து ஓடும். ‘ஃபார்மேட் எச்டிஎம்எல்’ பயன்படுத்துங்கள். உங்கள் டேகை விட்டுவிட்டு, உள்ளே வரும் வேல்யூவை மட்டும் அது எஸ்கேப் செய்யும்.