கடல் தரை பிறக்கும் படத்தில் செந்நிறம் வேண்டாம்

புவியின் மேற்பரப்புத் தட்டுகள் இரண்டு விலகி, புதிய கடல் தரை பிறக்கும் இடம் கடலடி மலைத்தொடர். அதன் பாடப்படம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: கீழே செந்நிறக் குழம்புக் கடல், மேலே ஒரு பிளவு, அதன் வழியே பொங்கி வழியும் நெருப்பு. தவறு அந்தச் செந்நிறத்திலேயே தொடங்கிவிடுகிறது. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திரவம் அல்ல, பாறை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் (பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்பவை) திரவத்துக்குள் செல்லாது. கவசத்தின் ஊடே அவை தடையின்றிச் செல்கின்றன.

அப்படியானால் குழம்பு எப்படி உண்டாகிறது? "கீழே சூடு கூடுவதால் பாறை உருகுகிறது" என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அங்கே சூடு கூடுவதே இல்லை. இரு தட்டுகளும் விலக, இடையில் உள்ள கவசப்பாறை மெல்ல மேலேறுகிறது. ஏற ஏற அதன் மேல் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையும்போது உருகுநிலையும் தாழ்கிறது. பாறையோ தன் வெப்பத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது. 1,300 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமான வெப்பத்துடன் வரும் அது, சுமார் 60 கி.மீ. ஆழத்தில் உருகத் தொடங்குகிறது. பிரஷர் குக்கரில் 100 டிகிரியைத் தாண்டியும் அடங்கியிருக்கும் நீர், ஆவியைச் சட்டென வெளியேற்றினால் அடுப்பை அணைத்த பிறகும் பொங்குகிறது அல்லவா? தீயை ஏற்றவில்லை, அழுத்தத்தை இறக்கினோம், அவ்வளவுதான். கடல் தரையின் பிறப்பு முழுவதும் இந்த ஒரு செயலில் நிற்கிறது.

நீர் சேர்வதால் பாறை உருகுவதும் உண்டு. அது ஜப்பான், இந்தோனேசியா போல ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடங்களின் எரிமலைகளுக்கு உரிய விளக்கம். இரண்டையும் கலக்கக் கூடாது.

இன்னொன்று: பாறை முழுவதும் உருகிவிடுவதில்லை. எளிதில் உருகும் பத்தில் ஒரு பங்கு அளவே கசிந்து மேலே சேர்கிறது. அதனால்தான் கவசம் பெரிடோடைட் என்ற பாறையாகவும் மேலோடு பசால்ட் வகைப் பாறையாகவும் இருக்கின்றன. கவசம் குளிர்ந்து இறுகியதே மேலோடு என்பது பிழை.

மேலோடு முழுவதும் கடலுக்குள் வழிந்த எரிமலைக் குழம்பு என்று நினைப்பதும் பிழைதான். மேலோட்டின் மொத்தத் தடிமனான சுமார் 6 முதல் 7 கி.மீ.யில், நீரில் பட்டுத் தலையணை வடிவில் உறைந்த பசால்ட் மேலே ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே. அதன் கீழே, சீட்டுக்கட்டை நிமிர்த்தி வைத்ததுபோல் செங்குத்தான பாறைச் சுவர்கள். ஒவ்வொன்றும் குழம்பு ஏறிவந்த ஒரு விரிசல். அதற்கும் கீழே, வெளியே வராமல் ஆழத்திலேயே நிதானமாகக் குளிர்ந்த காப்ரோ, அதாவது பசால்ட்டின் அதே பொருளாலான பருமணிப் பாறை. பெரும்பகுதி அதுதான். ஓமன் மலைகளில் பழைய கடல் தரை ஒன்று நிலத்தின் மேல் ஏறிக் கிடக்கிறது. இந்த அடுக்குகளை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

தட்டுகளைப் பிளந்து தள்ளுவது குழம்பு என்பது வெகுநாளாக நிலவும் தவறு. தட்டின் மறுமுனை குளிர்ந்து, கனத்து, கவசத்துக்குள் அமிழ்ந்து இழுப்பதே முதன்மையான விசை. அமிழும் விளிம்புகள் நிறைந்த பசிபிக்கில் தரை ஆண்டுக்கு 15 செ.மீ. வரை விரிகிறது, அவை மிகக் குறைவாக உள்ள அட்லாண்டிக்கில் இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே.

ஒரே படத்தை எல்லாக் கடலுக்கும் பொருத்தாதீர்கள். மிக மெதுவாக விரியும் தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரில் குழம்பு போதாமல், சில இடங்களில் பசால்ட் போர்வையே இன்றிக் கவசப்பாறை கடல் தரையாகக் கிடக்கிறது.